கடை நம்பரை விடாம காப்பாத்துறது எப்படி: சொந்த எக்ஸ்சேஞ்ச்சும் ஒரு சிப் ட்ரங்க்கும்

எபிசோடோட எழுத்து வடிவம். பேச்சுநடையை அப்படியே விட்டிருக்கோம். திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் வெட்டியிருக்கு.

இன்னைக்கு போன் பத்தி பேசப் போறோம். கையில வெச்சிருக்கற போன் இல்ல. கடை மேஜை மேல, பில் புக் பக்கத்துல, சுருண்ட ஒயரோட உக்காந்திருக்குமே, அந்த போன். "அதெல்லாம் இன்னும் இருக்கா"ன்னு கேக்கறவங்க ஒரு தடவை டெல்டா பக்கம் போயி ஒரு உரக்கடை வாசல்ல பத்து நிமிஷம் நின்னு பாருங்க.

திருவாரூர்லேர்ந்து நாகப்பட்டினம் போற ரயில் பாதையில நடுவுல வர்ற ஊர் கீழ்வேளூர். கேடிலியப்பர் கோயில் இருக்கற ஊர். மாவட்டம் நாகை, ஆனா எஸ்டிடி கோடு திருவாரூரோட 04366. அங்க என் சித்தப்பா விதை, உரக்கடை வெச்சிருக்கார். கடையோட லேண்ட்லைன் நம்பருக்கு வயசு இருபத்தஞ்சுக்கு மேல. சுவத்துல எழுதியிருக்கு, பில்லுல இருக்கு, சுத்துப்பட்டு விவசாயிங்க மனசுல இருக்கு. மேட்டூர்ல தண்ணி திறந்துட்டாங்கன்னா குறுவைக்கு விதை கேட்டு போன் வரும். அப்புறம் சம்பா, தாளடி. "பொட்டாஷ் வந்துருச்சா", "டிஏபி எத்தனை மூட்டை இருக்கு", அவ்வளவுதான் பேச்சு. ஆனா அந்த அரை நிமிஷப் பேச்சுக்காக ஒருத்தர் எட்டு கிலோமீட்டர் வண்டி ஓட்டிட்டு வர்றதா வேணாமான்னு முடிவு ஆகுது. எங்கேஜ்டுன்னு கேட்டா அவர் அடுத்த கடைக்கு அடிப்பார். இதுல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல.

இப்ப தாமிரக் கம்பி போயி ஃபைபர் வருது. "லைனை மாத்துறோம், நம்பர் அதேதான், ஆனா குரல் இனிமே இன்டர்நெட் வழியா வரும்"னு சொல்லிட்டாங்க. சித்தப்பா என்கிட்ட கேட்டது ரெண்டே விஷயம். "தம்பி, நம்பர் போகாதுல்ல? கவுன்டர்ல பேசிட்டு இருக்கறப்ப குடோன்ல உன் சித்தி இன்னொரு காலை எடுக்க முடியுமா?"

இந்த ரெண்டு கேள்விக்கான பதில்தான் இன்னைக்கு எபிசோட். முதல் கேள்வி ஏன் சாதாரணக் கேள்வி இல்லன்னா, இந்தியால மொபைலுக்கு 2011 ஜனவரியிலேர்ந்து நாடு முழுக்க நம்பர் போர்ட்டபிலிட்டி இருக்கு, லேண்ட்லைனுக்கு இல்ல. கம்பெனி மாத்தினா நம்பர் போச்சு. அதனால நம்பர் வேணும்னா, நம்பர் கொடுத்த கம்பெனியோடவே இருந்துட்டு, நம்ம பக்கத்துல இருக்கற ஏற்பாட்டைத்தான் நல்லா பண்ணிக்கணும்.

எக்ஸ்சேஞ்ச், எக்ஸ்டென்ஷன், ட்ரங்க்

மூணு சொல்லு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

ஒரு கட்டடத்துக்குள்ள போன்களை ஒண்ணோட ஒண்ணு இணைக்கற பெட்டி பிபிஎக்ஸ். ஹோட்டல், ஆஸ்பத்திரில "ஒன்பது அமுக்குங்க, வெளி லைன் கிடைக்கும்"னு சொல்வாங்களே, அது பிபிஎக்ஸ் பேசற பேச்சு. அதுக்குள்ள இருக்கற ஒவ்வொரு போனும் ஒரு எக்ஸ்டென்ஷன். எங்க கடையில கவுன்டர் 101, குடோன் 102, கடைக்குப் பின்னாடியே இருக்கற வீடு 103. இந்தப் பெட்டியிலேர்ந்து டெலிபோன் கம்பெனிக்குப் போற பாதைதான் ட்ரங்க். மரத்துக்கு அடிமரம் மாதிரி: கிளை எத்தனை இருந்தாலும் வெளியுலகத்துக்கு வழி அது ஒண்ணுதான்.

முன்னெல்லாம் ட்ரங்க்னா நிஜமான கம்பி. இப்ப அது ரெண்டு சாஃப்ட்வேர் பேசிக்கற ஒரு ஒப்பந்தம். அந்தப் பேச்சு மொழிக்குப் பேரு சிப். 2002ல வந்த ஆர்எஃப்சி 3261 தான் இன்னைக்கும் அதோட அடிப்படை ஆவணம். சிப்போட வேலை "கால் வருது, எடுக்கறியா, எடுத்தாச்சு, வெச்சாச்சு"ன்னு சொல்றது மட்டும்தான். குரலைச் சுமக்கறது ஆர்டிபின்னு வேற ஒரு நெறிமுறை. இது ரெண்டும் தனித்தனி வழியில போகுதுங்கறதை மனசுல வெச்சுக்கோங்க. பின்னாடி வர்ற தொல்லைல முக்கால்வாசி இங்கேர்ந்துதான் வரும்.

பெட்டிக்கு நான் எடுத்தது ஆஸ்டெரிஸ்க். 1999ல மார்க் ஸ்பென்சர்னு ஒரு அமெரிக்க மாணவர் லினக்ஸ் சப்போர்ட் கம்பெனி ஒண்ணு தொடங்கினார். பிபிஎக்ஸ் வாங்கக் காசு இல்ல, அதனால தானே எழுதிட்டார். அதுதான் ஆஸ்டெரிஸ்க். ஓப்பன் சோர்ஸ். திரையில கிளிக் பண்ணி அமைக்கணும்னா அதுமேல ஃப்ரீபிபிஎக்ஸ் போட்டுக்கலாம்.

நம்ம நாட்டுக் கதையும் ஒண்ணு இருக்கு. 1984ல தொடங்கின சி-டாட், கிராமத்துக்குன்னே 128 லைன் எக்ஸ்சேஞ்ச் ஒண்ணு பண்ணுச்சு. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச்சுக்கு ஏசி ரூம் வேணும், இதுக்கு வேணாம். நம்ம வெயில்லயும் தூசிலயும் ஓடும். 1986ல கர்நாடகால கிட்டூர்ல முதல்ல வெச்சாங்க. ஒரு ஊருக்கே எக்ஸ்சேஞ்ச்சா இருந்த அந்த அளவு வேலையை இன்னைக்கு உரக்கடை மேஜைக்கு அடியில கிடக்கற ஒரு பழைய கம்ப்யூட்டர் பண்ணுது.

முதல்ல சட்டம், அப்புறம் கான்ஃபிக்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடாதீங்க. யூடியூப்ல ட்ரங்க் அமைக்கற வீடியோ பெரும்பாலும் வெளிநாட்டுக்காரங்க போடறது. அவங்க ஏதோ ஒரு இணைய டெலிபோன் சேவைல கார்டைத் தேய்ச்சு நம்பர் வாங்கி மாட்டிடுவாங்க. இங்க அப்படிப் பண்ணக் கூடாது. இந்தியப் பொது டெலிபோன் நெட்வொர்க்கைத் தொடற எந்த ட்ரங்க்கும், இங்க லைசென்ஸ் வாங்கின கம்பெனிகிட்டேர்ந்துதான் வரணும்.

சொந்த உபயோகத்துக்கு, சொந்தக் கட்டடத்துல பிபிஎக்ஸ் வெச்சுக்கறது தப்பில்ல. எப்பவும் இருந்துட்டு வர்ற விஷயம்தான். வெளிநாட்டுலேர்ந்து இன்டர்நெட்ல வர்ற காலை வாங்கி உள்ளூர் நம்பர்கள்ல தள்ளி விடறதுதான் குத்தம். சிம் பாக்ஸ் வெச்சுப் பிடிபட்டாங்கன்னு பேப்பர்ல படிக்கறீங்களே, அது இதுதான். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தோட 42வது பிரிவுப்படி, அனுமதி இல்லாம தொலைத்தொடர்பு சேவை நடத்தினா மூணு வருஷம் வரை ஜெயில், ரெண்டு கோடி ரூபாய் வரை அபராதம், இல்லன்னா ரெண்டும்.

உங்க பெட்டியை வேற யாரோ உள்ள புகுந்து அப்படிப் பயன்படுத்தினா, போலீஸ் முதல்ல வர்றது நம்பர் யார் பேர்ல இருக்கோ அவங்க வீட்டுக்குத்தான். அதனால நான் எல்லா எக்ஸ்டென்ஷனையும் கடை, குடோன், வீடு இந்த ஒரே வளாகத்துக்குள்ள வெச்சேன். "சென்னைலேர்ந்து நானும் கடை போனை எடுக்கறேனே"ன்னு ஆசை வந்தா, கனெக்ஷன் கொடுத்த கம்பெனிகிட்ட எழுத்துல அனுமதி வாங்கிட்டுப் பண்ணுங்க.

கம்பெனிகிட்ட கேட்டு வாங்க வேண்டியது

எல்லா ஃபைபர் பிளான்லயும் சிப் விவரம் கையில தர மாட்டாங்க. வீட்டு கனெக்ஷன்ல பெரும்பாலும் அது ஓஎன்டி பெட்டிக்குள்ளயே பூட்டி இருக்கும். பின்னாடி இருக்கற போன் ஓட்டைல ஒரு சாதா போனை மாட்டிக்கலாம், அவ்வளவுதான். கடை பேர்ல பிசினஸ் கனெக்ஷனா சிப் ட்ரங்க் கேட்டு விண்ணப்பிச்சா விவரம் தருவாங்க. அப்படிக் கேக்கறப்ப இந்த ஆறையும் ஒரே தடவைல கேட்டுருங்க.

ஒண்ணு, யூசர் நேம். பெரும்பாலும் +91 போட்டு, 4366 போட்டு, அப்புறம் ஆறு இலக்கம். சில இடத்துல பாஸ்வேர்டோட கொடுக்கற பேர் வேறயா இருக்கும்: நம்பருக்குப் பின்னாடி அட் குறி போட்டு டொமைனும் சேர்ந்து இருக்கும். ரெண்டும் ஒண்ணான்னு கேட்டுக்கோங்க.

ரெண்டு, பாஸ்வேர்டு.

மூணு, டொமைன். நாலு, அவுட்பவுண்ட் ப்ராக்ஸி. இந்த ரெண்டையும் எல்லாரும் குழப்பிக்கறாங்க. டொமைன்ங்கறது கடிதத்துல எழுதற ஊர் பேர். ப்ராக்ஸிங்கறது கடிதத்தைக் கொண்டு போயி போடற போஸ்ட் ஆபீஸ். ஊர் பேரைத் தேடிப் பார்த்தா இன்டர்நெட்ல எங்கயும் விலாசம் கிடைக்காமப் போகலாம். அது தப்பில்ல. சில கம்பெனி நெட்வொர்க்ல அந்தப் பேர் அடையாளத்துக்கு மட்டும்தான். பாக்கெட்டைப் போடற இடம் ப்ராக்ஸி.

அஞ்சு, குரலுக்குத் தனி வீலேன் இருக்கா. பல இடத்துல இன்டர்நெட் ஒரு வீலேன்ல வரும், குரல் வேற வீலேன்ல வரும். ப்ராக்ஸி அந்தக் குரல் வீலேன்லேர்ந்து மட்டும்தான் எட்டும். இது தெரியாம கம்ப்யூட்டரை வைஃபைல மாட்டிட்டு "சர்வர் பதிலே சொல்லல"ன்னு ராத்திரி முழுக்க உக்காந்திருக்கறவங்க நிறைய.

ஆறு, எத்தனை சேனல். சித்தப்பாவோட ரெண்டாவது கேள்விக்குப் பதில் இதுலதான் இருக்கு. நம்பர் வேற, சேனல் வேற. ஒரு நம்பருக்கு ஒரு சேனல்தான்னா, நீங்க உள்ள நூறு போன் வெச்சாலும் ரெண்டாவது ஆளுக்கு எங்கேஜ்டு டோன்தான். ரெண்டு சேனல் இருந்தா அதே நம்பர்ல ஒரே நேரத்துல ரெண்டு பேர் பேசலாம். நாங்க ரெண்டு வாங்கினோம்.

விவரம் தரவே மாட்டேன்னா? அதுக்கும் வழி இருக்கு. எஃப்எக்ஸ்ஓ கேட்வேன்னு ஒரு சின்னப் பெட்டி வாங்கி, ஓஎன்டியோட போன் ஓட்டைலேர்ந்து அதுக்கு ஒரு ஒயர், அதுலேர்ந்து பிபிஎக்ஸுக்கு ஒரு நெட்வொர்க் கேபிள். ஒரு சேனல்தான் கிடைக்கும், ஆனா கவுன்டர்ல வந்த காலைக் குடோனுக்கு மாத்தி விடற வேலை நடக்கும்.

ட்ரங்க்கோட அஞ்சு துண்டு

ஆஸ்டெரிஸ்க்ல பழைய சிப் டிரைவர் ஒண்ணு இருந்துச்சு. பதிப்பு 21ல அதைத் தூக்கிட்டாங்க. இனிமே பிஜேசிப்தான். பழைய பிளாக்லேர்ந்து கான்ஃபிக் காப்பி அடிச்சா ஓடாததுக்கு முதல் காரணம் இது. பிஜேசிப்ல ட்ரங்க்ங்கறது ஒரே பொருள் இல்ல, அஞ்சு துண்டு சேர்ந்தது.

முதல் துண்டு ரெஜிஸ்ட்ரேஷன். "நான் இந்த நம்பர், இந்த விலாசத்துல இருக்கேன், காலை இங்க அனுப்பு"ன்னு நம்ம பெட்டி போயி சொல்றது. இதுல கான்டாக்ட் யூசர்னு ஒரு இடம் இருக்கு, அங்க உங்க நம்பரைப் போடுங்க. போடலன்னா ஆஸ்டெரிஸ்க் அங்க வெறும் 'எஸ்'னு ஒரு எழுத்தைப் போட்டுரும். வர்ற காலும் 'எஸ்'ங்கற பேர்லயே வரும், எந்த நம்பருக்கு வந்துச்சுன்னு தெரியாது. அவுட்பவுண்ட் ப்ராக்ஸி எழுதறப்ப கடைசில செமிகோலன் போட்டு எல்-ஆர்னு சேர்க்கணும். ஆனா கான்ஃபிக் ஃபைல்ல செமிகோலன் வந்தா அதுக்கு அப்புறம் இருக்கறது குறிப்புன்னு நினைச்சு ஆஸ்டெரிஸ்க் படிக்காம விட்டுரும். அதனால செமிகோலனுக்கு முன்னாடி ஒரு பேக்ஸ்லாஷ். கண்ணுக்குத் தெரியாத சைஸ்ல ஒரு கோடு, அது இல்லன்னா ட்ரங்க் ஏறாது.

ரெண்டாவது ஆத். பேரும் பாஸ்வேர்டும். நம்ம பெட்டி முதல்ல சும்மா போயி கேக்கும், அந்தப் பக்கம் 401னு பதில் வரும். பயப்படாதீங்க, அது "யாருப்பா நீ, ரகசியம் சொல்லு"ன்னு கேக்கறது. ரெண்டாவது தடவை ரகசியத்தோட போகும், 200 ஓகே வரும். 401 திரும்பத் திரும்ப வந்தாலோ 403 வந்தாலோதான் பேர்லயோ பாஸ்வேர்டுலயோ பிசகு.

மூணாவது ஏஓஆர். அந்தப் பக்கத்தை எங்க போயி பார்க்கணும்ங்கற விலாசம். இதுல குவாலிஃபை நேரத்தை 30 செகண்டுன்னு வெச்சேன். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை "இருக்கியா"ன்னு தட்டிப் பார்க்கும். நடுவுல இருக்கற ரூட்டர் வழியை மூடிடாம இருக்கவும் அதே தட்டல் உதவுது.

நாலாவது எண்ட்பாயிண்ட். கால் நடக்கறப்ப என்ன விதிகள்ங்கறது. எல்லாக் கோடெக்கையும் தடுத்துட்டு ஏ-லா மட்டும் அனுமதிங்க. அமெரிக்காலயும் ஜப்பான்லயும் மியூ-லா, இந்தியாலயும் ஐரோப்பாலயும் ஏ-லா. டைரக்ட் மீடியாவை அணைச்சுருங்க. ஃப்ரம் யூசர், ஃப்ரம் டொமைன் ரெண்டுலயும் கம்பெனி கொடுத்ததை அப்படியே போடுங்க. 101ங்கற எக்ஸ்டென்ஷன் நம்பரோட வெளிய போனா கம்பெனி பக்கம் "யாரு இது"ன்னு காலை வெட்டிரும்.

அஞ்சாவது ஐடென்டிஃபை. இதை விட்டுட்டா வெளிய போற கால் அருமையா போகும், உள்ள வர்ற கால் வரவே வராது. ஏன்னா காலைக் கொண்டு வர்றது கம்பெனி சர்வர், அது நம்மகிட்ட பாஸ்வேர்டு எதுவும் சொல்லாது. "இந்த ஐபிலேர்ந்து வந்தா அது நம்ம ட்ரங்க்தான்"னு நாமதான் முன்கூட்டியே எழுதி வைக்கணும்.

எழுதினதும் ஆஸ்டெரிஸ்க் கன்சோல்ல "பிஜேசிப் ஷோ ரெஜிஸ்ட்ரேஷன்ஸ்"னு அடிச்சுப் பாருங்க. ரெஜிஸ்டர்டுன்னு வரணும். வரலன்னா "பிஜேசிப் செட் லாகர் ஆன்"னு அடிச்சா, போற வர்ற ஒவ்வொரு சிப் சேதியும் கண்ணு முன்னாடி ஓடும். யூகம் பண்றதை விட்டுட்டு அதைப் படிங்க.

இன்டர்நெட் வேகம் போதுமான்னு கேப்பீங்க. ஏ-லால குரல் செகண்டுக்கு 64 கிலோபிட். 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், ஒவ்வொண்ணுலயும் 160 பைட் குரல், 40 பைட் தலைப்பு, செகண்டுக்கு 50 பாக்கெட். கூட்டினா 80 கிலோபிட். ரெண்டு கால் ஓடினாலும் ஃபைபருக்கு அது தூசி. கடை சிசிடிவி அப்லோடு லைனை அடைக்கறப்பதான் குரல் உடையும், அதனால ரூட்டர்ல குரலுக்கு முன்னுரிமை கொடுத்துருங்க.

யார் எதை டயல் பண்ணலாம்

உள்ள வர்ற கால் சுலபம். நம்பருக்கு வந்தா 101 அடிக்கட்டும், அது பேசிட்டு இருந்தா 102, அதுவும் இல்லன்னா 103. வெளிய போறதுக்குத்தான் விதி எழுதணும். டயல் பேட்டர்ன்னு சொல்வாங்க. இதுல நம்ம ஊர் விஷயம் ரெண்டு இருக்கு.

2021 ஜனவரிலேர்ந்து லேண்ட்லைன்லேர்ந்து மொபைலுக்கு அடிச்சா முன்னாடி பூஜ்யம் கட்டாயம். சித்தப்பா பழக்கத்துல பத்து இலக்கம் மட்டும் அடிப்பார். அதனால "6லேர்ந்து 9க்குள்ள தொடங்கற பத்து இலக்கம் வந்தா முன்னாடி நீயே பூஜ்யம் சேர்த்துக்கோ"ன்னு எழுதிட்டேன். ஆளோட பழக்கத்தை மாத்தறதை விட பெட்டியோட விதியை மாத்தறது லேசு.

ரெண்டாவது, அவசர நம்பர். 112, 100, 101, 108. புயல் காலத்துக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077. இதெல்லாம் எந்த முன்னொட்டும் இல்லாம நேரா வெளிய போகணும். கவனிச்சீங்களா, 101 தீயணைப்பு நம்பர், என் கவுன்டர் எக்ஸ்டென்ஷனும் 101! பாடப் புத்தகத்துல எல்லாம் 101லேர்ந்துதான் எக்ஸ்டென்ஷன் தொடங்கும். இந்தியால அப்படி வைக்காதீங்க. மேல சொன்னது உங்களுக்குப் புரியறதுக்காக. கடையில நிஜமா இருக்கறது 201, 202, 203.

எப்ப அறுந்துச்சு, அதுல இருக்கு காரணம்

ட்ரங்க் ஏறினதும் கால் பண்ணிப் பாத்துட்டு "ஹலோ கேக்குது, முடிஞ்சுது"ன்னு எழுந்திரிக்காதீங்க. கையில கடிகாரம் வெச்சுக்கோங்க.

மணி அடிக்குது, எடுத்தாச்சு, ஆனா ஒரு பக்கம்தான் குரல் கேக்குது. சிப் சேதி சரியா போயிருக்கு, ஆர்டிபி வழி தெரியாம நிக்குது. நம்ம பெட்டி தன்னோட உள்வீட்டு விலாசமான 192.168ஐயே வெளிய சொல்லியிருக்கும். கம்பெனி சர்வர் அந்த விலாசத்துக்குக் குரலை எப்படி அனுப்பும்? டிரான்ஸ்போர்ட் பகுதில உள் நெட்வொர்க் எது, வெளி விலாசம் எதுன்னு எழுதணும். எண்ட்பாயிண்ட்ல ஆர்டிபி சிமெட்ரிக்கை ஆன் பண்ணணும்.

கால் சரியா 32 செகண்டுல அறுந்துதுன்னா? எடுத்தாச்சுன்னு ஒரு பக்கம் சொன்னதுக்கு, "சரி, கேட்டுச்சு"ன்னு மறுபக்கத்துலேர்ந்து வர வேண்டிய ஏக் சேதி வரல. சிப்ல அடிப்படை நேரம் அரை செகண்டு, அதோட 64 மடங்கு வரைக்கும் காத்திருந்துட்டு விட்டுரும். அதுதான் 32. இதுக்கும் காரணம் விலாசக் குழப்பம்தான், இல்லன்னா ரூட்டர்ல இருக்கற சிப் ஏஎல்ஜி. உதவி பண்றேன்னு சேதிக்குள்ள கையை விட்டு விலாசத்தை மாத்தற ஒரு வசதி அது. பெரும்பாலும் கெடுக்கத்தான் செய்யும். அணைச்சுருங்க.

பதினஞ்சு நிமிஷத்துலயோ அரை மணிலயோ அறுந்தா, செஷன் டைமர். கால் உயிரோட இருக்கான்னு நடுவுல ஒரு தடவை புதுப்பிச்சுக்கணும். வழக்கமான அளவு 1800 செகண்டு, அதுல பாதில புதுப்பிக்கும். அந்தச் சேதி வழியில தொலைஞ்சிருக்கு.

காலைல எல்லாம் சரி, மத்தியானம் கடை காலியா இருந்துட்டு சாயங்காலம் வர்ற முதல் கால் மட்டும் வரலன்னா, சும்மா இருந்த நேரத்துல ரூட்டர் வழியை மூடிடுச்சு. முன்னாடி சொன்ன 30 செகண்ட் தட்டல் இதுக்குத்தான்.

பூட்டு போடாத பெட்டி

சிப்போட வழக்கமான போர்ட் 5060. அதை இன்டர்நெட்டுக்குத் திறந்து வெச்சீங்கன்னா கொஞ்ச நேரத்துலயே யாரோ கதவைத் தட்டுவாங்க. நாள் முழுக்க இதையே பண்ற தானியங்கி ஸ்கேனர்கள் உலகம் முழுக்க ஓடிட்டே இருக்கு. 201க்கு பாஸ்வேர்டு 201ன்னு வெச்சிருந்தா உள்ள வந்துருவாங்க. வந்து என்ன பண்ணுவாங்க? நிமிஷத்துக்கு அதிகக் கட்டணம் வர்ற வெளிநாட்டு நம்பருக்கு ராத்திரி முழுக்க கால் போடுவாங்க. அந்தக் கட்டணத்துல ஒரு பங்கு அவங்களுக்கு. பில் சித்தப்பாவுக்கு.

நான் பண்ணினது இது. 5060ஐ வெளியுலகத்துக்குத் திறக்கவே இல்ல. ஃபயர்வால்ல கம்பெனி ஐபிக்கு மட்டும் அனுமதி. பேர் தெரியாத காலை ஏத்துக்கற வசதியை அணைச்சேன். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் மெஷின் போட்ட நீள பாஸ்வேர்டு. தப்பா முயற்சி பண்றவங்களைத் தடுக்க ஃபெயில்டுபேன். டயல் பேட்டர்ன்ல 00 தொடங்கற எதுவும் இல்ல. கடைசியா, கம்பெனிகிட்டயே ஐஎஸ்டியை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். முக்கியமானது அந்தக் கடைசி வேலை. பெட்டிக்குள்ள போடற பூட்டை, பெட்டிக்குள்ள வந்தவன் திறக்கலாம். கம்பெனி பக்கம் போடற பூட்டை அவனால தொட முடியாது.

கரண்ட் போனா

டெல்டாக்காரங்க இதை முதல்ல கேப்பாங்க. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. அதுக்கப்புறம் பல கிராமத்துல வாரக்கணக்கா கரண்ட் இல்ல.

பழைய தாமிர லைனுக்கு ஒரு பெரிய நல்ல குணம் உண்டு. கம்பி அறுந்து போகாம இருந்தா, எக்ஸ்சேஞ்ச் பேட்டரிலேர்ந்து 48 வோல்ட் அதே கம்பில வரும். வீட்டுல கரண்ட் இல்லன்னாலும் போன் உயிரோட இருக்கும். ஃபைபர் கண்ணாடி இழை, அதுல கரண்ட் வராது. ஓஎன்டி, ரூட்டர், பிபிஎக்ஸ் கம்ப்யூட்டர், ஐபி போன், எல்லாத்துக்கும் நாமதான் கரண்ட் கொடுக்கணும். இந்த மாற்றத்துல நாம இழக்கறது இது. யாரும் நம்மகிட்ட சொல்லாம இழக்கறது.

கணக்குப் போடுங்க. மின்சாரம் கம்மியா குடிக்கற சின்ன கம்ப்யூட்டரா எடுத்தா மொத்தமும் 40 வாட்டுக்குள்ள அடக்கிடலாம். கடையில இருக்கற இன்வெர்ட்டர் பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர். பெருக்கினா 1800 வாட் ஹவர். பேட்டரியை முழுக்க உறிஞ்சக் கூடாது, இன்வெர்ட்டரும் தன் பங்கை எடுத்துக்கும், அதனால பாதிக்கும் கீழன்னு வெச்சாக்கூட 800. வேற எதுவும் ஓடலன்னா 20 மணி நேரம். ஃபேனை அதுலேர்ந்து கழட்டணும், அதுதான் கஷ்டமான பேச்சுவார்த்தை.

ஆனா பெரிய புயல்ல கம்பெனி பக்கமும் படுத்துரும். அதுக்கு, தொடர்பு இல்லாத நேரத்துல கால் சித்தப்பா மொபைலுக்குப் போற மாதிரி ஃபார்வர்டு வெச்சோம். இதை பிபிஎக்ஸ்ல வைக்கக் கூடாது, கம்பெனி பக்கம் வைக்கணும். கடைக்குக் கரண்ட் போனா பிபிஎக்ஸும் போயிரும், போன பெட்டி எப்படி காலைத் திருப்பி விடும்?

கேட்டவங்க கேள்வி

போன எபிசோட்ல இதைப் பண்ணப் போறேன்னு சொன்னதும் வந்த கேள்விகள்ல மூணு.

"இத்தனை வேலைக்கு ஒரு மொபைல் போதாதா?" ஒரே ஆள் நடத்தற கடைன்னா போதும். நம்பர் கடையோடதா இருக்கணும், ஆளோடதா இருக்கக் கூடாதுன்னா போதாது. மொபைல் சித்தப்பா சட்டைப் பையில வயலுக்கும் போகும், கல்யாணத்துக்கும் போகும்.

"கிளவுட்ல ஆஸ்டெரிஸ்க் வெச்சா சுலபமா இல்லையா?" நம்ம ட்ரங்க் கம்பெனியோட குரல் வீலேன்ல வருது. வெளில இருக்கற சர்வர்லேர்ந்து அதை எட்டவே முடியாது. தவிர, சட்டப் பகுதில சொன்னது எல்லாம் அங்க இன்னும் சிக்கல் ஆகும்.

"பழைய போனைத் தூக்கிப் போடணுமா?" வேணாம். ஏடிஏன்னு ஒரு அடாப்டர் இருக்கு, ஒரு பக்கம் நெட்வொர்க் கேபிள், இன்னொரு பக்கம் பழைய போன். சித்தப்பா கவுன்டர்ல அதே போன்தான் இன்னும் இருக்கு. ரிசீவர் கனமா இருந்தாத்தான் பேசின மாதிரி இருக்காம்.

இதைப் பண்ணிப் பாக்கணும்னு இருக்கறவங்களுக்கு என் யோசனை: ட்ரங்க் வாங்கறதுக்கு முன்னாடியே ஒரு பழைய லேப்டாப்ல ஆஸ்டெரிஸ்க் போட்டு, ரெண்டு மொபைல்ல சாஃப்ட்போன் போட்டு, வீட்டு வைஃபைக்குள்ளயே ஒண்ணுக்கொண்ணு பேசிப் பாருங்க. செலவு ஒண்ணுமில்ல, சட்டச் சிக்கலும் இல்ல. அது நல்லா ஓடினதும் கம்பெனிகிட்ட போயி அந்த ஆறு விஷயத்தையும் கேளுங்க. எழுதி எடுத்துட்டுப் போங்க. கவுன்டர்ல இருக்கறவருக்கும் அது உதவியா இருக்கும்.

அடுத்த எபிசோட்ல "பொட்டாஷ் இருக்கான்னு தெரிஞ்சுக்க ஒண்ணை அமுத்துங்க"ன்னு தமிழ்ல பேசற ஐவிஆர் எப்படிப் பண்றதுன்னு பாப்போம். குரல் கொடுக்க சித்தி சரின்னு சொல்லியாச்சு. கேள்வி இருந்தா அனுப்புங்க.